செருப்பைக் கழட்ட மாட்டேனுங்க

எங்க பக்கம் திட்டறதா இருந்தாலும் கடைசில ஒரு 'ங்க' வெச்சுத்தான் திட்டுவோம். 'உங்க மூஞ்சியப் பாத்தாலே பத்திக்கிட்டு வருதுங்க'ன்னு ஒருத்தர்கிட்டச் சொன்னா, அவரால முழுசாக் கோவிச்சுக்கவும் முடியாது, சிரிக்கவும் முடியாது. வெளியூர்க்காரங்க இதைக் கேட்டுட்டு, அடடா, எத்தனை மரியாதைன்னு சொல்லுவாங்க. மரியாதை இருக்குதுதான், இல்லைன்னு சொல்லல. அதுக்குள்ள எத்தனை பிடிவாதத்தை மடிச்சு வெக்கலாம்னு எனக்குத்தான் தெரியும். பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில, ஒரு சோடி செருப்புக்காக நான் போட்ட சண்டை பூராவும் இந்த 'ங்க'வோடதான் நடந்துச்சு.

என்ற பொண்ணு பொறந்தது சுகப்பிரசவத்துல. அதுக்குச் 'சுக'ப்பிரசவம்னு பேரு வெச்சது யாருன்னு தெரிஞ்சா, நேர்ல பாத்து நாலு கேள்வி கேக்கோணும். ஒண்ணரை நாள் வலி. கொழந்தை மூணே முக்கால் கிலோ. பாக்க வந்தவங்க எல்லாரும் 'எத்தனை தையல் போட்டாங்க'ன்னு கேட்டாங்க, கொழந்தை யாரு சாடைன்னு பாத்தாங்க, பன்னு, பிஸ்கட்டு குடுத்துட்டுப் போயிட்டாங்க. பொறவு மூணு மாசம் அவிநாசிபாளையத்துல எங்கம்மா ஊட்டுல இருந்தேன். என் உடம்புல என்னமோ ஒண்ணு எடம் மாறிக் கெடக்குதுன்னு அங்கதான் தெரிஞ்சுது.

படுத்திருந்து இந்தப் பக்கம் பொரண்டா, முன்னாடி, அடிவயித்துக்குக் கீழ, அடியெலும்புல 'டக்'குனு ஒரு சத்தம் வரும். சத்தத்தோடவே உயிர் போற வலி. உள்பாவாடை மாட்ட ஒத்தக் கால்ல நிக்க முடியாது. கட்டில்ல உக்காந்து ரெண்டு காலையும் ஒண்ணா உள்ள உட்டு, எந்திரிச்சு இழுத்துக் கட்டிக்குவேன். கொழந்தையைத் தூக்கிட்டு நாலு எட்டு வெச்சா, பின்னாடி வலது பக்கம் ஆணி எறக்குன மாதிரி குத்தும். அஞ்சு படி ஏறச் சொன்னாக்கூட, முந்தி ஓடுனவ, இப்ப கைப்பிடியப் புடிச்சுட்டு சாமியக் கும்பிடுவேன்.

எல்லாருகிட்டயும் நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? 'இடுப்பு வலி.' வேற என்னத்தைச் சொல்றது? வயித்துக்குக் கீழ, தொடைக்கு மேல நம்மளுக்கு இருக்குற எல்லாத்துக்கும் ஒரே பேரு, இடுப்பு. மிச்சப் பேரெல்லாம் தெருவுல ஆம்பளைங்க ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கறதுக்குன்னே வெச்சிருக்கறது. பொம்பளை அதை எப்படி டாக்டர் முன்னாடி வாயில எடுக்கறது? அதனால இடுப்புன்னேன். இடுப்புன்னதும் எல்லாரும் நடுமுதுகுக்குக் கீழ கைய வெச்சாங்க.

எங்கம்மா கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்துச்சு, முதுகுல. என்ற மாமியா நல்லெண்ணெய் தேச்சு உட்டாங்க, முதுகுல. மருந்துக்கடையில ஒரு பெல்ட் குடுத்தாங்க. அதையும் தொப்புளுக்கு நேரா இறுக்கிக் கட்டிட்டு மூச்சுத் திணறிட்டுத் திரிஞ்சேன். பிரசவம் பாத்த ஆஸ்பத்திரியில இருந்த டாக்டர், சீட்டுல எழுதிட்டே, நிமிந்து பாக்காமயே, "எல்லாருக்கும் இருக்கறதுதாம்மா. போகப் போகச் சரியாயிரும்"னாங்க. நான் போனாத்தானுங்களே போகப் போக? நடக்கவே முடியலன்னுதான வந்திருக்கறேன்! இதைக் கேட்டிருக்கோணும். கேக்காம, சத்து மாத்திரைய வாங்கிட்டு வந்துட்டேன். அதுக்காக இன்னைக்கும் என் மேல எனக்கு எரிச்சல்தான்.

கொழந்தைக்கு ஏழு மாசம் ஆனதும் கம்பெனிக்குத் திரும்பிப் போனேன். என்ற ஊட்டுக்காரருக்கு சாயப்பட்டறையில வேலை. கொழந்தைய மாமியா பாத்துக்கிட்டாங்க. அதுல ஒரு கொறையும் சொல்ல முடியாது. பேத்தின்னா அவங்களுக்கு உசுரு.

நான் செக்கிங். தெரியாதவங்களுக்குச் சொல்லீர்றேன். தச்சு முடிச்ச பனியன், டீசர்ட் எல்லாம் எங்க டேபிளுக்கு வரும். மேல ட்யூப்லைட்டு, கீழ வெள்ளைப் பலகை. ஒவ்வொரு பீஸையும் விரிச்சு, திருப்பி, உள்ளயும் வெளியவும் பாக்கோணும். ஊசி ஓட்டை, தையல் விட்டது, கறை, அளவு, எதுனா இருந்தா அந்த எடத்துல அம்புக்குறி போட்ட சின்னச் செவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாப் போடோணும். காலைல எட்டரைக்கு நின்னா, சாப்பாட்டு நேரம் போக, பொழுது சாயற வரைக்கும் நிக்கோணும். உக்காந்துட்டு முழு பீஸையும் விரிக்க முடியாது. ஒம்பது வருசமா நிக்கறேன். என் கைக்கு வந்துட்டுப் போன பீஸ்ல கொறை இருந்து திரும்பி வந்ததா ஒருத்தர் சொல்லட்டும் பாக்கலாம். பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன்.

அந்த ஹாலுக்குள்ள யாரும் செருப்புப் போடக்கூடாது. வெள்ளைத் துணி கீழ வுழுந்தா தூசி ஒட்டிக்கும், கறையாகும். போதாக்கொறைக்கு வாசலுக்கு நேரா சாமி படம் மாட்டியிருக்குது. மாடிப்படி முடியற எடத்துல ஒரு தகர ஸ்டாண்டு. அங்கயே எல்லாரும் கழட்டிப் போட்டுட்டு, வழுவழுன்னு கல்லுப் போட்ட தரையில வெறுங்காலோட நிப்போம். முந்தியெல்லாம் எனக்கு அது ஒரு விசயமாவே தெரியல. கொழந்தை பொறந்த பொறவு, அந்தக் கல்லு ஒவ்வொரு மணி நேரமும் குதிகால் வழியா ஏறி வந்து அடியெலும்பைத் தட்டுச்சு. மத்தியானம் மூணு மணிக்கு மேல டேபிளைப் புடிச்சுட்டுத்தான் நிப்பேன். கண்ணு பீஸ் மேல இருக்கும், உசுரு கீழ இருக்கும்.

"நின்னு எதுக்கு கண்ணு இத்தனை பாடு? ஊட்டுலயே உக்காந்து பிசிறு வெட்டேன்"னாங்க மாமியா. பிசிறுங்கறது தையல் ஓரத்துல தொங்குற மிச்ச நூலு. மூட்டை மூட்டையா ஊட்டுக்கே கொண்டாந்து போட்டுருவாங்க; டிவி பாத்துட்டே வெட்டலாம். அவங்க பாசத்துலதான் சொன்னாங்க. ஆனா எங்க தெருவுல அப்படி உக்காந்தவங்க ஒருத்தர்கூடத் திரும்பி எந்திரிக்கல. கொழந்தைக்காக, வலிக்காக, மாமனாருக்கு முடியலன்னு, ஒரு வருசம்னுதான் உக்காந்தாங்க. நான் உக்காந்தா, என் டேபிள்ல வேற ஒருத்தி நிப்பா. பொறவு என் கண்ணுக்கு என்ன மரியாதை? எனக்கு நிக்கோணும். அவ்வளவுதான். மத்த எதுவும் அப்ப எனக்குப் பெருசாப் படல.

எனக்குப் பக்கத்து டேபிள்ல நிக்கறவ தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. ஞாயித்துக்கெழமை தவறாம சர்ச்சுக்குப் போவா, மத்த ஆறு நாளும் வாயி ஓயாது. ஒருநாள் நான் தண்ணி குடிக்கப் போறதைப் பாத்துட்டு, "ஏட்டி, என்னட்டி வாத்து மாரி நடக்கே?"ன்னா.

சொன்னேன். இடுப்பு வலின்னு.

"இடுப்பு வலிக்கவ இப்படியா நடப்பா? எங்கனட்டி வலிக்கு, சரியாச் சொல்லு."

நான் சுத்தி யாரு நிக்கறாங்கன்னு பாத்தேன். அவ என்னையவே பாத்தா. பொறவு கொரலைத் தாழ்த்தி, "முன்னாலயா?"ன்னா. தலையை ஆட்டுனேன். அத்தனை மாசத்துல ஒருத்தராவது கேட்ட முதல் சரியான கேள்வி அது. எனக்கு அங்கயே பொலபொலன்னு கண்ணுல தண்ணி வந்துருச்சு, பீஸ்ல சொட்டிரும்னு அக்கட்டால திரும்பிக்கிட்டேன்.

அவளுக்கு முட்டி வலி வந்தப்ப திருப்பூர்ல ஒரு பிசியோதெரபி டாக்டரம்மாகிட்டப் போயிருக்கறா. அங்க போகச் சொன்னா. போறேன், ஆனா போயி என்னன்னு சொல்றதுன்னேன். "நீ அங்கயும் போயி இடுப்புன்னுதான் சொல்லுவே. அவங்களும் முதுகத் தடவி அனுப்பி விட்டுருவாங்க. பீஸ்ல டேமேஜ் இருந்தா நாம என்ன வாயாலயா சொல்லுதோம்? ஸ்டிக்கர ஒட்டுதோம்லா?"

அவ கேலிக்குத்தான் சொன்னா. நான் அதை நெசமாவே எடுத்துக்கிட்டேன். போற அன்னைக்கு, பாத்ரூமுக்குள்ள போயி, சுடிதார் பேண்ட் மேலயே ரெண்டு ஸ்டிக்கர் ஒட்டுனேன். ஒண்ணு முன்னாடி, அடியெலும்புல, அம்பு கீழ பாத்த மாதிரி. இன்னொண்ணு பின்னாடி வலது பக்கம், ஆணி குத்துற எடத்துல. மேல டாப்ஸ எறக்கி உட்டுட்டு, பஸ் ஏறிப் போனேன்.

டாக்டரம்மாவுக்கு என்னைவிட வயசு கம்மி. "சொல்லுங்கக்கா, என்ன பண்ணுது?"ன்னு கேட்டாங்க. கதவைச் சாத்துங்கன்னேன். டாப்ஸத் தூக்குனேன். முதல்ல அவங்களுக்கு ஒண்ணும் புரியல. ஸ்டிக்கரையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. நான், "செக்கிங்ல இருக்கறனுங்க. டேமேஜ் இருக்குற எடத்தைக் காட்டியிருக்கறேன்"னேன். அவங்க சிரிச்சாங்க பாருங்க, அப்படியொரு சிரிப்பு. நானும் சிரிச்சேன், சிரிச்சதுல அடியெலும்பு வலிச்சு 'அய்யோ'ன்னு புடிச்சுக்கிட்டேன். உடனே அவங்க சிரிப்பை நிறுத்திட்டு, இவ்வளவு நாளா ஏன் வரலன்னு கேட்டாங்க.

இடுப்பெலும்புக்கூடு முன்னாடி ஒண்ணு சேர்ற எடத்தைக் கையால தொட்டுக் காட்டிச் சொன்னாங்க. கொழந்தை வெளிய வர்றதுக்கு அந்த மூட்டெல்லாம் தளந்து குடுக்குமாம். நெறையப் பேருக்குத் தானா இறுகிரும், சில பேருக்கு இறுகாம நின்னுக்குமாம். நடக்கறப்ப ஒவ்வொரு எட்டுக்கும் ரெண்டு பக்கமும் ஏறி எறங்கி ஒண்ணோட ஒண்ணு ஒரசுதுன்னாங்க. என்னை நடக்கச் சொல்லி, ஒத்தக் கால்ல நிக்கச் சொல்லி, படுக்க வெச்சுக் காலைத் தூக்கச் சொல்லிப் பாத்தாங்க. பெல்ட்டை எங்க கட்டியிருக்கறேன்னு பாத்துட்டுத் தலையில கைய வெச்சுக்கிட்டாங்க. அது தொடை எலும்பு ஆரம்பிக்கற மட்டத்துல கட்டோணுமாம். ஏழு மாசத்துக்கு மேல நான் வேற யாருக்கோ வைத்தியம் பாத்துட்டு இருந்திருக்கறேன்.

பயிற்சி சொல்லிக் குடுத்தாங்க. அதோட ஒரு செருப்பு எழுதிக் குடுத்தாங்க. ஆமாங்க, சீட்டுல மாத்திரை எழுதற எடத்துல செருப்பு. வலி இருக்குற காலுக்குன்னே செருப்புச் செய்யற ஒருத்தர்கிட்ட அளவு குடுத்துச் செஞ்சது. கருப்பு. அடிப்பாகம் ரெண்டு விரக்கடை தடிமன், லாரி டயரை அறுத்து ஒட்டுன மாதிரி. குதிகாலுக்குப் பின்னாடி ஒரு வார். அடி நேரா இருக்காது, முன்னயும் பின்னயும் மேல வளஞ்சிருக்கும். போட்டு நின்னா படகுல நிக்கற மாதிரி லேசா ஆடும். அந்த ஆட்டத்துக்கு ஈடு குடுத்து நிக்கறப்ப, இடுப்பைச் சுத்தி இருக்குற சதை எல்லாம் தானா வேலை செய்யுமாம். நடக்கறப்ப குதிகால் 'தொம்'முனு வுழுகாம, உருண்டு விரலுக்குப் போயிரும். அந்த அடி மேல ஏறாது. முதல்ல அரை மணி நேரம், பொறவு கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக்கோங்கன்னாங்க. "எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்காதுக்கா, உங்களுக்குக் கேக்குதான்னு பாப்போம்"னும் சொன்னாங்க. அப்படி நேரா சொன்னது எனக்குப் புடிச்சுது.

முதல் வாரம் கெண்டைக்கால் வலிச்சுது. ரெண்டாவது வாரம் காசைக் கரியாக்கிட்டமோன்னு தோணுச்சு. மூணாவது வாரத்துல ஒருநாள் கொழந்தை தொட்டில்ல அழுதா. அடுப்புகிட்ட இருந்து எந்திரிச்சுப் போயி, தூக்கி, தோள்ல போட்டுட்டு, திரும்பி வந்து பாலை எறக்கி வெச்சேன். வெச்ச பொறவுதான் தெரிஞ்சுது, நான் செவுத்தைப் புடிக்கவே இல்லைன்னு. நின்ன எடத்துலயே, "வலிக்கல!"ன்னு கத்தினேன். கொழந்தை பயந்துபோயி இன்னும் சத்தமா அழுதுச்சு. வலிக்கலன்னா முழுசா வலிக்கலன்னு இல்லை. பத்துக்கு ஒம்பதா இருந்தது நாலுக்கு வந்திருச்சு. அந்த நாலு எனக்குச் சொர்க்கம்.

ஊட்டுக்குள்ள செருப்பான்னு மாமியா மூஞ்சியச் சுளிச்சாங்க. அதுவும் அடுப்படியில, லட்சுமி வர்ற எடத்துல. "இது வெளிய போடறதில்லீங்கத்தே, ஊட்டுக்குள்ள மட்டும் போடறது. தொடச்சுத்தான் போடறேன். லட்சுமி வந்தாங்கன்னா எந்திரிச்சு நின்னு கும்பிடறதுக்காவது நான் நிக்கோணுமில்லீங்க?"ன்னேன். அவங்க வாய்க்குள்ள முணுமுணுத்துட்டே போயிட்டாங்க. சாமி படத்தை மட்டும் அலமாரிக்குள்ள எடுத்து வெச்சாங்க. செரி, அதுக்கு மேல நானும் பேசல.

ஆனா கம்பெனியில? ஊட்டுல சேத்து வெச்ச சொகத்தை எல்லாம் ஹால் தரை ஒரே நாள்ல புடிங்கிக்கும். டாக்டரம்மாகிட்டச் சொன்னப்ப, "நிக்கற எடத்துலதான அக்கா அது வேணும்?"னாங்க. நியாயந்தானே. அதனால அதே மாதிரி இன்னொரு சோடி செய்யச் சொன்னேன். அது கம்பெனிக்கு மட்டும். ரோட்டையே மிதிக்காத செருப்பு. துணிப்பையில போட்டுக் கொண்டுபோயி, ஸ்டாண்டுகிட்ட என் ரோட்டுச் செருப்பைக் கழட்டிட்டு, இதோட அடியை ஈரமான பனியன் வேஸ்ட்டுத் துணியில தொடச்சு, மாட்டிட்டு உள்ள போனேன்.

ஹாலே திரும்பிப் பாத்துச்சு. மெஷின் சத்தம் மட்டுந்தான் நிக்கல.

எங்க சூப்பர்வைசர் நம்ம பக்கத்துக்காரருதான். கெட்ட மனுசன் இல்லை. சட்டம்னா சட்டம்னு இருக்குறவரு. மெதுவா வந்து, "என்னங்க அம்மிணி இது?"ன்னாரு.

"டாக்டர் எழுதிக் குடுத்ததுங்க. சீட்டு இருக்குது."

"ஒடம்பு முக்கியந்தானுங்க. ஆனா பாருங்க, ரூல்ஸ்னு ஒண்ணு இருக்குது. உங்களை உட்டா நாளைக்கு எல்லாரும் போட்டுட்டு வருவாங்க. கழட்டி வெச்சுட்டு வந்துருங்க."

"கழட்ட மாட்டேனுங்க."

எனக்கே ஆச்சரியமாத்தான் இருந்துச்சு, அது அவ்வளவு சுளுவா வாயில வந்தது. அவரு சாமி படத்தைக் காட்டுனாரு. நான் கையெடுத்துக் கும்பிட்டுட்டு, "மொதலாளி வர்றப்ப ஷூவோட வர்றாருங்க. மெக்கானிக்கு ஷூவோட வர்றாருங்க. துணி வாங்கற பையர் வந்தா பத்துப் பேரு ஷூவோட இந்தத் தரையில நடக்கறாங்க. அப்பெல்லாம் துணி அழுக்காகலீங்களா? சாமி கண்ணை மூடிக்கறாருங்களா?"ன்னேன். தூத்துக்குடிக்காரி தலையைக் குனிஞ்சுட்டு வாயப் பொத்திக்கிட்டா. சூப்பர்வைசர் காதெல்லாம் செவந்துபோச்சு. "பாக்கலாங்க"ன்னுட்டுப் போனாரு. எங்க பக்கம் 'பாக்கலாங்க'ன்னா சண்டை இன்னும் முடியலன்னு அர்த்தம்.

பத்து நாள் நின்னேன், அந்தச் செருப்போட. மூணு மணி ஆனாலும் டேபிளைப் புடிக்கல. 'மகாராணி வர்றாங்க'ன்னு பின்னாடி கேட்டுச்சு. கேக்கட்டும்.

பதினோராவது நாள் சூப்பர்வைசர், என் டேபிளுக்குப் பக்கத்துல நான் இன்னும் பாக்காம கெடந்த ஒரு கட்டு வெள்ளை டீசர்ட்டை எடுத்து என் டேபிள்ல போட்டாரு. எல்லாத்துலயும் கருப்பா, சின்னச் சின்னதாக் கறை. "இதுக்குத்தானுங்க அன்னைக்கே சொன்னேன்"னாரு, ஹாலுக்கே கேக்கற மாதிரி. "கருப்புச் செருப்பு, கருப்புக் கறை. இதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்றது?"

எனக்கு ஆத்திரமா வந்துச்சு. ஒம்பது வருசத்துல என் டேபிள்ல கறைன்னு ஒரு பேச்சு வந்ததில்லை. ஒரு பீஸை எடுத்து லைட்டுக்கு நேராத் தூக்கிப் புடிச்சேன். இன்னொண்ணு. இன்னொண்ணு. எல்லாத்துலயும் ஒரே எடம், எடது தோள்ப்பட்டைத் தையல் மேலயே, ஓரம் லேசா மஞ்சளா பரவியிருந்துச்சு. விரல்ல தேச்சு மோந்து பாத்தேன். எண்ணெய்.

"இது மெஷின் ஆயிலுங்க"ன்னேன். "தோள்ப்பட்டை ஜாயின்ட் அடிக்கற ஓவர்லாக் மெஷின்ல ஒழுகுது. போயிப் பாருங்க. செருப்புக் கறை தோள்ப்பட்டைக்கு எப்படிங்க ஏறும்? நான் என்ன டேபிள் மேல தலைகீழா நின்னுட்டா செக் பண்றேன்?"

ஹால் சிரிச்சிருச்சு. அதுதான் நான் செஞ்ச தப்புன்னா தப்பு. நெசத்தைக் காட்டி அவரை ஜெயிச்சிருந்தா உட்டிருப்பாரு. சிரிக்க வெச்சு ஜெயிச்சதை அவரால தாங்க முடியல. மெஷினைப் போயிப் பாக்கவும் இல்லை. அடுத்த நாள் காலைல ஸ்டாண்டுகிட்டயே நின்னுட்டு இருந்தாரு. "ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க அம்மிணி. வெறுங்காலோட டேபிளுக்குப் போறீங்களா, இல்லை பின்னாடி ரூம்ல உக்காந்து பிசிறு வெட்டறீங்களா?"

"ரெண்டும் இல்லீங்க"ன்னேன். செருப்பைத் துணிப்பையில போட்டுட்டுப் படி எறங்கிட்டேன்.

வீராப்பு கேட் வரைக்குந்தான் இருந்துச்சு. பஸ் ஸ்டாப்புல உக்காந்து அழுதேன். ஊட்டுக்காரரு, "எதுக்கு வம்பு, அனுசரிச்சுப் போயிருக்கலாமல்ல"ன்னாரு. அவருகிட்ட ரெண்டு நாள் பேசல. மாமியா சாயங்காலம் பக்கத்து ஊட்டுக்காரம்மாகிட்ட, பிசிறு மூட்டை எங்க தருவாங்கன்னு விசாரிச்சது என் காதுல வுழுந்துச்சு. கெரகமே, எதுக்கு இத்தனை வைராக்கியம்னு எனக்கே தோணிருச்சு. அடுத்த நாள் காலைல ஒரு காரியம் பண்ணுனேன். செருப்பைக் கழட்டி வெச்சுட்டு, வெறுங்காலோட அடுப்படியில நின்னு பாத்தேன். நிக்க முடிஞ்சா பேசாம வேலைக்குப் போயிரலாம், ஒருத்தரும் கேக்கப் போறதில்லை. சோறு வெந்துச்சு, கொழம்பு கொதிச்சுது, பொரியல் தாளிக்கறதுக்குள்ள அந்த ஆணி பழையபடி எறங்கிருச்சு. செவுத்தைப் புடிச்சேன். அப்பத்தான் மனசு தெளிஞ்சுது. நான் ஒண்ணும் வைராக்கியத்துக்குப் போடல. இது எனக்குக் காலு. காலைக் கழட்டி ஸ்டாண்டுல வெச்சுட்டு வான்னு சொன்னா எவளுக்காவது முடியுமா?

நாலாவது நாள் தூத்துக்குடிக்காரி போன் பண்ணுனா. பையர் ஆளுங்க வந்து பெட்டியப் பிரிச்சுப் பாத்திருக்கறாங்க. தோள்ப்பட்டைக் கறை. என் டேபிள்ல புதுசா நிறுத்துன பொண்ணு கண்ணுல அது படவே இல்லை. மெஷினும் ஒழுகிட்டேதான் இருந்திருக்குது. மொத்த லாட்டும் ரிஜெக்ட். எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி செக் பண்ணோணும், ரெண்டே நாள்ல. "மொதலாளி வந்து போட்டாரு பாரு ஒரு சத்தம்! அந்தப் பிள்ளை எங்கன்னு உன்னையத்தான் கேட்டாருட்டி"ன்னா. எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. இருக்கக்கூடாதுன்னு சொல்லுவீங்க. இருந்துச்சே, நான் என்ன பண்ண?

அரை மணி நேரத்துல சூப்பர்வைசர் கூப்பிட்டாரு. நான் கொழந்தைக்குச் சோறு ஊட்டிட்டு இருந்தேன். போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வெச்சேன். மாமியா வெங்காயம் உரிச்சுட்டு இருந்தாங்க.

"நல்லா இருக்கீங்களா அம்மிணி? கொழந்தை நல்லா இருக்குதுங்களா?"

"நல்லா இருக்கறோமுங்க."

"நாளைக்கு வந்துருங்க. வேலை கெடக்குது."

"எப்படிங்க வரட்டும்?"

"எப்பவும் போல வாங்க."

"எப்பவும் போலன்னா எப்படிங்க?"

 "அதான்... அதைப் போட்டுட்டு வாங்க"ன்னாரு.

"எதைங்க?"

மாமியா உரிக்கறதை நிறுத்திட்டாங்க. வேண்டாம் கண்ணுன்னு கையை ஆட்டுனாங்க. நான் போனையவே பாத்துட்டு இருந்தேன்.

"செருப்பைத்தானுங்க. செருப்பைப் போட்டுட்டு வாங்க."

"எது வரைக்குங்க?"

அவரு பெருமூச்சு உட்டது எங்க ஊடு பூராவும் கேட்டுச்சு.

"டேபிள் வரைக்கும் வாங்க."

"சரிங்க"ன்னு சொல்லி, நான்தான் போனை முதல்ல கட் பண்ணுனேன்.